மறதி என்று பேர் வைத்தார்கள்

நாற்பத்தாறு வயதில் எனக்கு மூத்திரம் அடக்க முடியாமல் போனது. சர்க்கரை, பிரஷர் என்றால் தெருவே வந்து விசாரிக்கும். இதை மட்டும் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொல்லாமலே இருந்துதான் அத்தனையும் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டு கிராமத்தில் எங்கள் வீட்டில் ரெண்டு பட்டுத்தறி ஓடியது. ஒன்றில் வீட்டுக்காரர், இன்னொன்றில் நான். கக்கூஸ் கிடையாது. விடியுமுன் ஏரிப்பக்கம் போய்விட்டு வந்தால் மறுபடி இருட்டினால்தான். நடுவில் அவசரமென்றால் கொல்லைப்புறத்து ஓலைத்தட்டி மறைவு. பக்கத்து வீட்டு மாடியில் ஆள் நின்றால் அதுவும் இல்லை. அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகியிருந்தேன்.

மாதவிலக்கு நின்றதும் அந்தப் பழக்கம் உதவவில்லை. தறியில் மிதியை அழுத்தினால் சொட்டும். தும்மினால் உள்பாவாடை நனையும். பட்டில் பட்டுவிடுமோ என்று பழந்துணியை மடித்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். தறிக்குழியிலிருந்து கையூன்றி ஏறி ஓடுவதற்குள் பாதி வழியிலேயே போய்விடும். எத்தனை வாட்டிதான் எழுந்திருப்பாய் என்று வீட்டுக்காரர் எரிந்து விழுவார். நெய்யும்போது பாதி மனசு அடிவயிற்றில். மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் புடவையில் விழும் புட்டாப் பூக்களை எண்ண வேண்டும்.

நாத்தனாரிடம் மட்டும் அழுதேன். அவள்தான் ஆரணியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். வயதானால் அப்படித்தான் என்று தலை நிமிராமலே ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நிஜமாகவே சொட்டுவது குறைந்தது. தெய்வமே கொடுத்த மருந்து என்று நினைத்து, தீரத்தீர மருந்துக்கடையில் வாங்கி விழுங்கினேன்.

கொஞ்ச நாளில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. தலை பாரமாக, நனைந்த பஞ்சு மாதிரி இருந்தது. சமையற்கட்டுக்குப் போய் எதற்கு வந்தேன் என்று நிற்பேன். கரண்டி என்ற சொல் வாயில் வராமல் கையை ஆட்டிக் காட்டியிருக்கிறேன். ஒரு கல்யாணப் புடவையில், முந்தி ஆரம்பிக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, புடவையின் உடம்புப் பகுதியையே நெய்துகொண்டு போனேன். வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்து நிறுத்தும்வரை எனக்குத் தெரியவில்லை.

பாவு நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி, புடவை கெட்டதை விசாரிக்க வந்தார். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் அவரிடம் சொன்னார்: "அதுக்கு மறதி வந்துட்சிங்க. இனிமே அதால முடியாது."

என் தறியில் கூலிக்கு ஒரு ஆளை உட்கார வைத்தார்கள். நான் ஒரு ஓரமாக அவனுக்கு ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வருஷம் நெய்தவள். வீட்டில் எது தொலைந்தாலும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் ஏதாவது சொன்னால், சரி சரி என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார்கள். அடிப்பதுகூட மேல் என்று தோன்றும்.

வேலூரில் கட்டிக்கொடுத்த மகள் மாசி மாதம் வந்தாள். ஒரே கேள்வியை நான் திரும்பத் திரும்பக் கேட்டதைப் பார்த்து பயந்துபோய், மறுநாளே என்னை வேலூருக்கு ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப்போனாள். பஸ்ஸில் என்ன ஆகுமோ என்று காலையிலிருந்து நான் சொட்டுத் தண்ணீர் தொடவில்லை.

டாக்டர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கேட்டார். பையிலிருந்து அட்டையை எடுத்து வைத்தேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறதி முதலா, மாத்திரை முதலா என்றார். மகள் பதில் சொல்ல ஆரம்பித்தாள்.

"அம்மாவே சொல்லட்டும்," என்றார் டாக்டர்.

எத்தனையோ நாள் கழித்து ஒருவர் என் வாய்க்காகக் காத்திருந்தார். யோசித்துச் சொன்னேன். மாத்திரை தீபாவளிக்கு. மறதி பொங்கலுக்கு.

"இந்த மாத்திரை சில பேருக்கு மூளைய மந்தமாக்கும். நிறுத்திப் பாக்கலாம். முழுக்க இதாலதான்னு இப்பவே சொல்ல மாட்டேன்."

சிறுநீரில் கிருமியும் இருந்தது. அதற்கு மருந்து கொடுத்தார். தண்ணீர் குடிக்கச் சொன்னார். கீழ்ச்சதையை இறுக்கிப் பிடித்து விடுவதற்கும், மூத்திரம் போகும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவதற்கும் சொல்லிக்கொடுத்தார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் திரும்பி வரும்போது எனக்குக் கோபம்தான் பொங்கியது. இந்த ஒரு கேள்வியைக் கேட்க ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை?

வீட்டுக்காரர் நம்பவில்லை. ஆரணி டாக்டர் தெரியாமலா கொடுத்திருப்பார் என்றார். கூலி ஆளின் எதிரிலேயே சொன்னேன்: "மொதல்ல கக்கூஸ் கட்டுங்க. தண்ணி குடிக்காம இனிமே நான் தறியில உக்கார மாட்டேன்."

 மூன்றாம் நாள் செங்கல் வந்து இறங்கியது.

மாத்திரையை நிறுத்தியபின் தலை தெளியச் சில வாரம் பிடித்தது. கரண்டி என்ற சொல் தேடாமலே வாயில் வந்தது. ஆடி மாதம் என் தறியில் மறுபடி உட்கார்ந்தேன். சொட்டுவது முழுக்க நிற்கவில்லை. தும்மல் வந்தால் இன்றும் பயம்தான். ஆனால் அதற்குப் பிறகு பல வருஷம் நெய்தேன். பழுதென்று ஒரு புடவைகூடத் திரும்பி வரவில்லை.

ஆனாலும் முந்தி நெருங்கினால் வீட்டுக்காரர் எழுந்து வந்து, அளந்துவிட்டாயா என்று கேட்பார். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று நான் தேடினால் வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அதைத்தான் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.