நோன்பு நாளின் மாத்திரை

முதல் நாள் பேச்சைத் தொடங்கியவள் யமுனாதான். செங்கம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒற்றை அறை வாடகை வீட்டு வாசலில் வினோதினி முகக்கவசத்தோடு வந்து நின்றாள். உள்ளே வா என்று சொல்வதற்கு முன்பே, நீ டாக்டரா என்று கேட்டாள் யமுனா. இல்லை என்றாள் வினோதினி. நர்ஸா? அதுவும் இல்லை. சென்னையில் பொது சுகாதாரத்தில் முதுகலை படிப்பதாகவும், உலகம் முழுக்கப் பரவும் தொற்றுநோய்களைப் பற்றிய படிப்பு அது என்றும், காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் படும் சிரமங்களைக் கேட்டு ஆய்வேடு எழுதப்போவதாகவும், வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒப்பித்தாள்.

"அப்போ ஊசியும் போட மாட்ட, மாத்திரையும் குடுக்க மாட்ட. கேட்டுட்டு மட்டும் போவ."

"ஆமாங்க."

"எங்க அண்ணன் அவரு புள்ளைக்குப் பொண்ணு பாக்கற மாதிரி. எல்லாத்தையும் கேட்டுக்குவாரு, ஒண்ணும் நடக்காது."

சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு அது அடங்கும்வரை நின்றாள். பிறகு, உலகம் முழுக்க இருக்கிற வியாதியா இது என்று விசாரித்தாள். தான் சமைத்துப் போடும் வெள்ளைக்காரர்கள் ஊரிலும் உண்டா? உண்டு, ஆனால் அங்கே கம்மி என்றாள் வினோதினி. "அதானே பார்த்தேன்" என்றாள் யமுனா. கடைசியாக, பேர் எழுதுவியா என்று கேட்டாள். எழுத மாட்டேன். ஊர்? அதையும் எழுத மாட்டேன். அப்படின்னா உள்ள வந்து உக்காரு என்று பாயை விரித்தாள்.

போளூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்த சமணக் குடும்பம் அவளுடையது. கணவர் இறந்த பிறகு அண்ணன் ஜினசேனன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்தாள். அண்ணன் ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னவரல்ல. இருந்தாலும் அடுத்தவர் உலையில் தன் அரிசி வேகிறது என்ற எண்ணம் அவளை விடவில்லை. திருவண்ணாமலைக்கு வந்து, ஆசிரமத்துக்கு அருகில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்தாள். வெங்காயம், பூண்டு இல்லாமல் அவள் வைக்கும் குழம்புக்காகவே தங்க வருகிறவர்கள் இருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் தன் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, விளக்கு வைத்த பிறகு பிறருக்குப் பரிமாறுவாள். பௌர்ணமிக் கூட்டத்தில் ஊரே திணறும் நாளிலும் அந்த வழக்கம் மாறியதில்லை.

நோய் வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் அடுப்படிப் பக்கம் விட மாட்டார்கள். முதலாளியிடம் ஊரில் அறுவடை என்றாள்; அண்ணனிடம் விடுதியில் கூட்டம் ஜாஸ்தி என்றாள். சளியில் கிருமி இல்லை என்று முடிவு வரும்வரை அறையிலேயே கிடந்துவிட்டு, அதன் பிறகுதான் வேலைக்குத் திரும்பினாள். காசநோய்ப் பிரிவின் களப்பணியாளர் முருகவேல்தான் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து கொடுப்பார். காலி அட்டைகளை வாங்கிப் பார்ப்பார். ஒரு மாத்திரைகூட மிச்சம் இருக்காது. 'யமுனாம்மா மாதிரி எல்லாரும் இருந்துட்டா எனக்கு வேலையே இல்ல' என்று மற்ற நோயாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனது என்ற கேள்விக்கு, ஒருநாளும் விடவில்லை என்ற பதிலைத்தான் வினோதினியும் எழுதிக்கொண்டாள்.

மருந்து தொடங்கிய ஐந்தாவது மாதம் ஒரு நடுப்பகலில் வினோதினி போனபோது அடுப்பு பற்ற வைத்த அடையாளமே இல்லை. யமுனா சுவரோரம் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. எழுந்து வினோதினிக்கு மட்டும் மோர் ஊற்றிக் கொடுத்தாள். நீங்க குடிக்கலையா என்று கேட்டபோது, இன்று அட்டமி, உபவாசம் என்றாள். தண்ணீர்கூடக் கிடையாது.

"மாத்திரை?"

"அதெப்படி கண்ணு இன்னிக்கிப் போடறது? நாளைக்குப் பாரணை பண்ணி நோன்பை முடிச்சிட்டு ரெண்டு நாளுதையும் சேர்த்துப் போட்டுக்குவேன். ஒண்ணையும் வீணாக்கறதில்ல."

கணவர் இறந்த வருஷம் ஊர்க் கோயிலில் பகவான் முன்னால் நின்று எடுத்த நோன்பு அது. ஒவ்வொரு அட்டமியும் சதுர்த்தசியும் உபவாசம். வருஷா வருஷம் சமணர்கள் நோற்கும் பத்து நாள் பருவத்தின்போது நோன்பு நாட்கள் இன்னும் கூடும். மறுநாள் இரண்டு மடங்காக விழுங்கியதில் பல முறை வாந்தி எடுத்திருக்கிறாள். அதையும் மருந்தின் சூடு என்றே நினைத்துக்கொண்டாள். வினோதினியின் கையில் மோர் டம்ளர் அப்படியே இருந்தது. அவள் கேட்ட கேள்விகளில் நோன்பு என்ற சொல்லே கிடையாது. அட்டையோ ஒவ்வொரு முறையும் காலியாகவே திரும்பியது.

அன்றே முருகவேலுக்குச் சொன்னாள். சளியை மறுபடி சோதித்தார்கள். கிருமி திரும்பியிருந்தது, முக்கியமான மருந்துகளுக்கு அது இனி அடங்காது என்றும் வந்தது. நோன்பால்தானா என்று வினோதினி மருத்துவரிடம் கேட்டாள். இருக்கலாம், தொற்றும்போதே அப்படிப்பட்ட கிருமியாக இருந்து முதலில் தெரியாமலும் போயிருக்கலாம், யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார் அவர்.

புது மருந்துகள் கடுமையானவை. அவற்றைத் தாங்கும் உடம்பு யமுனாவுக்கு இல்லை. கல்லீரல் கெட்டது. கண்ணில் மஞ்சள் ஏறியது. மருந்தை நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாகப் போனது. முருகவேல் சொல்லி ஜினசேனன் மருத்துவமனைக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நோய்க்கு மருந்து சாப்பிட்டா எந்த நோன்பும் கெடாதும்மா. எங்கள்ல குழந்தைக்குக்கூடத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

நோயை மறைத்தவள் எப்படிக் கேட்பாள்? எடுத்த நோன்பைத் தன் இஷ்டத்துக்குத் தளர்த்த அவளுக்கு மனம் வரவில்லை. தளர்த்தலாம் என்று சொல்லக்கூடிய ஆட்களிடமோ அவள் வாய் திறக்கவே இல்லை. ஜினசேனன் பேசியது கட்டில்வரை கேட்டிருக்க வேண்டும். யமுனா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்து வந்த வாரங்களில் வினோதினி செய்ய முடிந்தது கொஞ்சம். ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் இருக்கும் தன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுபோனாள். பூண்டு சேர்க்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக் கொடுத்தாள். கால் பிடித்துவிட்டாள். மருந்து எழுதும் உரிமை அவளுக்கு இல்லை. விழுங்கியதை உடம்பில் தங்கவைக்க அவளால் ஆகவில்லை. ஐப்பசி மழையில் யமுனா இறந்துபோனாள். சென்னையிலிருந்து வினோதினி ஏறிய பேருந்து ஊர் வந்து சேர்வதற்குள் எரியூட்டி முடித்திருந்தார்கள்.

ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் மட்டும் இன்னும் முடியவில்லை. வழிகாட்டிப் பேராசிரியர், இந்த நோன்பு விஷயம்தான் உன் ஆய்விலேயே புதியது, விரிவாக எழுது என்கிறார். அவர் சொல்வதில் தவறில்லை. எழுதினால், நாளை இன்னொரு ஊரில் இன்னொரு பெண்ணிடம் அந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள். பேரும் ஊரும் இல்லாவிட்டாலும், விடுதியில் சமைத்த, அட்டமிக்கு உபவாசம் இருந்த பெண் யார் என்று அவள் உறவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். 'மாத்திரை விட்டுப்போன நாட்கள்' என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்ட கட்டம் நிரம்பியிருக்கிறது. பக்கத்தில் 'காரணம்' என்ற கட்டத்தை வினோதினி நிரப்புகிறாள், அழிக்கிறாள்.

அந்தக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் ஒரு முற்பகல் அவளை நிறுத்திவிடுகிறது. கஞ்சியை இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம் என்று தள்ளிய யமுனா, வினோதினியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"என்னைப் பத்தி எழுதுவ இல்ல, அதுல நோன்பால வந்துச்சுன்னு மட்டும் எழுதாத கண்ணு. எங்க ஜனத்துப் பொண்ணுங்க இன்னும் அந்த நோன்பு இருக்குதுங்க. மாத்திரைய மறந்துட்டாள்னு எழுதிக்கோ. சோம்பேறின்னு வேணாலும் எழுதிக்கோ."