ஒரு நாள் கேட்டேன், ஒன்பது நாள் கொடுத்தார்

அன்பானவர்களே, நான் துணைவேந்தரானதற்காக நீங்களெல்லாம் ஸ்தோத்திரம் சொல்கிறீர்கள். நான் சொல்ல வந்த சாட்சி அது இல்லை.

போன ஜூன் மாதம், நேர்முகத் தேர்வு அன்று காலை, என் கணவர் ஞானராஜ் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "மேரி, ஒரு மாதிரியா இருக்கு" என்றார். பீன்யா தொழிற்பேட்டையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். லேசில் வலி என்று சொல்லும் ஆள் இல்லை. அது தெரிந்தும் நான் பிரஷர் மெஷினைத்தான் எடுத்தேன்.

இயற்பியல்காரிக்கு ஒரே ரீடிங்கில் நம்பிக்கை வராது. முப்பது வருஷம் மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். மூன்று முறை பார்த்து சராசரி போட்டேன். நார்மல். "கேஸா இருக்கும், சோடா குடிங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். ஆய்வகத்திலிருந்து துறைத் தலைவர், பிறகு டீன் என்று வந்தவளுக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு படிதான். சபையே அதற்காக உபவாசம் இருந்தது.

நேர்முகம் நன்றாகவே நடந்தது. வெளியே வந்து போனைப் பார்த்தால் பக்கத்து வீட்டு லீலா விடாமல் அழைத்திருந்தாள். அவர் கூடத்தில் விழுந்து கிடந்தாராம். "ஹார்ட் அட்டாக். காலைலயே கூட்டிட்டு வந்திருக்கலாமே மேடம்" என்றார் டாக்டர்.

அவருக்கு நினைவு திரும்பவில்லை. மூன்றாம் நாள் நியமன உத்தரவு வந்தது. ஐ.சி.யு. வாசலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் உயிரைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஆண்டவரே, அவர்கிட்ட மன்னிப்புக் கேட்க ஒரே ஒரு நாள் கொடும்" என்று மட்டும் கெஞ்சினேன்.

மறுநாள் கண் திறந்தார். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாம் சொன்னேன். மெல்லச் சிரித்தார்.

"மூணு ரீடிங் எடுத்தியே மேரி, ஒரு வாட்டி என் மூஞ்சியப் பாத்தியா?"

கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கேலி செய்தே பழகியவர். ஆனாலும் நான் பார்க்கவில்லை, அது உண்மை. "சரி விடு, இப்பப் பாரு" என்றார்.

பதவியேற்பைத் தள்ளிவைத்துவிட்டு ஒன்பது நாள் பார்த்தேன். பத்தாம் நாள் காலை ஆண்டவர் அவரை எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் கேட்டவளுக்கு ஒன்பது நாள் கொடுத்தவரை எப்படி மறப்பேன்? இப்போது என் அறைக்கு யார் வந்தாலும் ஃபைலை வாங்குமுன் முகத்தைப் பார்க்கிறேன். போன வாரம் அட்டெண்டர் மஞ்சுநாத் லீவ் லெட்டரை நீட்டினார். முகம் வெளுத்திருந்தது. லெட்டரைப் படிக்கவில்லை, "ஹோகி, ஹோகி" என்று கன்னடத்திலேயே வீட்டுக்கு விரட்டினேன். வீட்டில் அவர் மனைவிக்குத்தான் முடியவில்லையாம்; நேரத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்.

பெரிதாகக் கேட்கத் தகுதியில்லை என்று நினைக்கிறவர்கள் சின்னதாகவாவது கேளுங்கள். அவர் கொடுப்பார். கேட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் உங்கள் மனுஷர் முகத்தை ஒரு தரம் பாருங்கள்.