மழைக்கு நடுங்கிய மல்லாட்டைக்காரன்

மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, வறட்சி தாங்க வைப்பது எங்கள் தொழில். அதில் செடி வாடுவதற்கு முன்னால் நாங்கள் வாடிவிடுவோம். பயிர் ஆராய்ச்சியில் மாட்டிக்கொண்ட சக கைதிகளே, உங்களுக்குத் தெரியாததா? சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் எனக்கு வேலை. காட்டு மல்லாட்டை என்று ஓர் இனம் உண்டு. சொட்டுத் தண்ணீர் இல்லாமலும் பச்சையாகக் கிடக்கும், காய்தான் பேருக்குக் காய்க்கும். அந்த வீம்பை நம் ஊர் மல்லாட்டைக்குள் ஏற்ற வேண்டும். ஆனால் இரண்டையும் கலந்தால் பிறப்பது மலட்டுச் செடி. மருந்து வைத்தால்தான் அது காய்க்கும்.

விஷ வைத்தியம்

மருந்து என்றால் கண்வலிக்கிழங்கில் இருக்கும் விஷம். துளி கூடினால் குருத்து கருகிவிடும், குறைந்தால் மலடு மலடாகவே நிற்கும். கையுறை போட்டுத்தான் வைத்தேன். ஆனாலும் பயம் விடவில்லை. கடலூரில் வீட்டுக்குப் போய்க் கையைத் தேய்தேய் என்று தேய்த்துவிட்டு, சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டேன். மருந்து வைத்த செடிகள் தினமும் ஒவ்வொன்றாகக் கருகின. கடைசியில் ஒன்றே ஒன்று பிழைத்தது. அதுவும் போனால் இத்தனை வருஷ உழைப்பு மண்ணோடு மண். என் முகத்தைப் பார்த்துவிட்டு மனைவி ஸ்டெல்லா சொன்னாள்: "அந்தச் செடி பொழச்சிக்கும். உங்களப் பாத்தாதாங்க பயமா இருக்குது."

களை

பிழைத்த அந்த ஒன்றைப் பாத்தியில் நட்டு, சுற்றி வேலி கட்டினேன். டீ குடிக்கப் போனதுதான் தப்பு. திரும்பி வந்தால், குமராட்சியிலிருந்து களையெடுக்க வரும் அஞ்சலை வேலிக்குள் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நட்டிருந்த காட்டுச் செடி வேரோடு வரப்பில் கிடக்கிறது. அவர் கை இப்போது என் செடியின் கழுத்தில். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். காட்டுச் செடிக்கு வேறு விதை உண்டு, இதற்கு ஏது? நான் பிடித்த கையை விடாததைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது. "நல்ல செடி நாலு பக்கமும் நிக்குது. இந்தக் களைக்கா சார் இப்படி ஆடிப்போயிட்டீங்க?"

மழை

வறட்சியைத் தாங்கும் செடி தேங்கிய தண்ணீரைத் தாங்காது. ஐப்பசியில் ஒரு நாள் வானம் கறுத்தது. தேவனாம்பட்டினத்தில் படகு வைத்திருக்கும் சிநேகிதனுக்குப் போன் போட்டுக் காற்று எப்படி என்று கேட்டேன். படகைக் கரையேற்றியாச்சு என்றான். அன்றைக்கு மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. பாத்திக்கு மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு, 'மழையே போ' என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டு நின்றேன். நாற்று விட்டுவிட்டு மழைக்காகக் காத்திருந்த பக்கத்து நிலத்துப் பெரியவர் வரப்பில் நின்று இதைக் கேட்டுவிட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "ஊரே மழைக்கு ஏங்குது. உன் ஒத்தச் செடிக்காக எங்கள காயப்போட்டுடாத தம்பி."

அறுவடை

செடி தப்பித்தது, பூத்தது. பூ இருந்த இடத்திலிருந்து காய் பிடிக்கும் விழுதுகள் மண்ணுக்குள் இறங்கின. அதற்குப் பிறகு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, கிளறிப் பார்த்தால் விழுது அறுந்துவிடும். இலை பழுத்ததும் நானும் கூட வேலை செய்யும் கணேசனும் விரலால் மண்ணைத் தளர்த்திச் செடியைத் தூக்கினோம். ஒரு காய்கூட இல்லை. காட்டு இரத்தம் கலந்த செடி, காயை மண்ணிலேயே விட்டுவிடும் என்பது தெரியும். தெரிந்து என்ன, பயம் விடுமா? பாத்தி மண் முழுவதையும் சல்லடையில் போட்டுச் சலித்தோம். ஏறக்குறைய கடைசிக் கூடையில் ஒரு காய் வந்தது. உடைத்தால், உள்ளே முத்தாக ஒரே பருப்பு. அழுதேவிட்டேன். பெட்டியில் வைத்துப் பூட்டலாம் என்றேன். கணேசன் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். "பூட்டி வச்சி என்ன மச்சான் பண்றது? மறுபடியும் மண்ணுல போட்டாதான பெருகும்."

நேற்றுவரை பயப்பட ஒரு செடி இருந்தது, இன்றைக்குப் பயப்பட ஒரு விதை இருக்கிறது. எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் முன்னேற்றம்.