மாமியார் படத்துக் கயிறு

வாழ்க்கைப்பட்டு வந்த இத்தனை வருஷத்தில் மிட்சுயோ பூசையறைப் பாயில் ஒரு தடவைகூடக் கால் நீட்டி உட்கார்ந்ததில்லை. முழங்கால் நன்றாகத்தான் இருந்தது. சுவர்தான் விடவில்லை.

ஜப்பானில் தொயாமா பக்கத்துப் பழைய வீடுகளில் இருக்கிற ஏற்பாடுதான். சுவரின் மேல்பாதியில் ஒரு மரச்சட்டம் குறுக்கே ஓடும். செத்துப்போனவர்களின் படங்கள் அந்தச் சட்டத்தின்மேல் வரிசையாக நிற்கும். படத்தின் அடிப்பக்கம் இரண்டு சின்னப் பித்தளைத் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கும். முதுகுப்பக்கத்துக் கயிறு மேலே ஆணியில் மாட்டியிருக்கும். கயிற்றை நீளமாக விட்டால் படம் முன்னால் சாயும். குறுக்கினால் நிமிரும். கீழே பாயில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் சாய்த்து மாட்டுவதுதான் வழக்கம்.

கணவரின் தாத்தா, பாட்டி, மாமனார் மூன்று பேரும் அளவாகத்தான் சாய்ந்திருந்தார்கள். நான்காவது மாமியார் ஹிசாஎ. அந்தப் படம் மட்டும், எட்டிக் குதிக்கப்போகிறவள் போல வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. பார்வை நேராகச் சமையலறை வாசலில் விழும்.

உயிரோடு இருந்தபோது மாமியார் சோறு வெந்த பக்குவத்தைப் பார்ப்பாள், துணி காயப்போட்ட விதத்தைப் பார்ப்பாள். செத்த பிறகும் பார்வை ஓயவில்லை என்றுதான் மிட்சுயோ எடுத்துக்கொண்டாள். கணவர் கென்சாகுவுக்கு அது வேடிக்கை. அவள் மத்தியானம் சற்றுத் தலை சாய்த்தால் போதும், "அம்மா பாக்கறாங்க" என்பார். அதனால் அவள் தூக்கமெல்லாம் நெல் மூட்டை அறையில்தான் நடந்தது.

இப்போது கென்சாகுவும் போய்விட்டார். நாற்பத்தொன்பதாம் நாள் பூசை முடிந்தது. கடற்பாசியில் சுற்றிய மீனும் சாப்பிட்டாயிற்று, உறவுக்காரர்களும் கிளம்பியாயிற்று. படம் மாட்டுவது மட்டும் பாக்கி. அதற்காகக் கென்சாகுவின் அக்கா தொகிகோ தங்கியிருந்தாள். அடுத்த தெருவில் வீடு, எழுபதைத் தாண்டிய வயது, மூட்டில் அறுவை நடந்த கால். ஆகவே ஏணியில் ஏறுவது மிட்சுயோ, கீழே நின்று உத்தரவு போடுவது தொகிகோ என்று முடிவாயிற்று.

அன்று தொகிகோவிடம் சொல்லவேண்டிய சேதி ஒன்று மிட்சுயோவிடம் இருந்தது. கனசவா நகரத்தில் பள்ளித் தோழி ரிட்சுகோ தன் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையை அவளுக்காகக் காலியாக வைத்திருந்தாள். மாதக் கடைசிக்குள் வருவாயா மாட்டாயா என்று கேட்டிருந்தாள். படத்தை மாட்டியதும் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்தே மனதுக்குள் ஒத்திகை நடந்தது.

தொகிகோ பையைப் பிரித்தாள். கறுப்புப் படச்சட்டம் இரண்டு வெளியே வந்தன. ஒன்றில் கென்சாகு. இன்னொன்றில் கண்ணாடியும் கறுப்பு அட்டையும் மட்டும்.

"இது யாருக்கு அண்ணி?"

"உனக்குத்தான். அப்புறம் இதே மாதிரி கிடைக்காது. ஜோடி சேரலேன்னா பாக்க நல்லாவா இருக்கும்?"

தாங்கிகளும் இரண்டு ஜோடி வாங்கி வந்திருந்தாள். மாமியார் படத்துக்கும் மூலைத் தூணுக்கும் நடுவில் இரண்டு படத்துக்கான இடம்தான் மிச்சம். அந்தக் கணக்கை அவள் எப்போதோ போட்டு வைத்திருக்கிறாள். மிட்சுயோ குனிந்து வெறும் சட்டத்தைப் பார்த்தாள். கறுப்பு அட்டைமேல் கண்ணாடியில் தன் முகமே தெரிந்தது. கவிழ்த்து வைத்தாள்.

தொகிகோ தேநீர் போட உள்ளே போனாள். மிட்சுயோ ஏணியில் ஏறினாள். காலி இடத்தைக் கைச்சாணால் அளந்தாள். நட்டநடுவில் ஆணி அடித்து, தாங்கிகளை வைத்து, கென்சாகுவை மாட்டினாள். இந்தப் பக்கம் அரைப் பட இடம், அந்தப் பக்கம் அரைப் பட இடம். இன்னொரு படத்துக்கு வழியே இல்லை. இறங்கிப் பார்த்தபோது, வெகுநாள் கழித்து மூச்சு இழுத்துவிட்டது போலிருந்தது.

தொகிகோ தட்டோடு வந்தாள். நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணு சரியாத் தெரியலையா உனக்கு? நடுவுல குந்தியிருக்கான், ஊர்ப் பெரியவனாட்டம். அம்மா பக்கம் தள்ளு."

அவ்வளவுதான். மூச்சு வந்த வழியே போயிற்று. மிட்சுயோ மறுபடி ஏறினாள், ஆணியைப் பிடுங்கினாள், படத்தைத் தள்ளி மாட்டினாள். மிச்ச இடத்தில் இரண்டாம் ஜோடித் தாங்கியையும் வைக்கச் சொன்னாள் தொகிகோ. அதையும் அடித்தாள். புதுப் பித்தளை, சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் கை போல மின்னியது.

ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னாள்: "அண்ணி, நான் இங்க வரமாட்டேன்."

"எங்க?"

"இந்தச் சுவத்துக்கு."

தொகிகோவுக்குக் கோபம் வரவில்லை. தேநீரை ஒரு மடக்குக் குடித்தாள். "அம்மாவும் அப்படித்தான் சொன்னா. அப்பா பக்கத்துல மாட்டாதேன்னா. வேற எங்க மாட்டறது?"

மிட்சுயோ சுவர்ப்பக்கம் திரும்பினாள். கையை வேலையில் வைத்தாள். பக்கத்துப் படத்தோடு பார்த்தால் மாமியார் படம் ரொம்பத் துருத்திக்கொண்டிருந்தது. மற்றவர்களைப் போல நிமிர்த்திவிடலாம் என்று கயிற்றில் கை வைத்தாள்.

"அதத் தொடாத." முதல் தடவையாகத் தொகிகோவின் குரல் ஏறியது. "அது ஒண்ணுதான் அம்மா கேட்டது. கயித்த நீளமா விடுன்னு."

"தெரியும். சமையக்கட்டப் பாக்கத்தானே?"

"சமையக்கட்டா? எழவு, வாழ்நாளெல்லாம் அதுலதானே வெந்தா. அவ கேட்டது பின்கதவு. அதத் தொறந்தா மலை தெரியும்ல? கதவு தெரியற மாதிரி மாட்டுன்னா."

மிட்சுயோ ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தாள். அந்த உயரத்திலிருந்து அடுப்பு கண்ணில் படவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியும் படவில்லை. சமையலறை வாசலுக்குள் நேராகப் பின்கதவுதான் தெரிந்தது. அது சாத்தியிருந்தது. குளிர்காற்று வருகிறதென்று இத்தனை வருஷமும் அதை இழுத்துச் சாத்தியவள் மிட்சுயோதான்.

கயிற்றை விட்டுவிட்டு இறங்கினாள். வரும் ஞாயிற்றுக்கிழமை கனசவாவுக்குப் போவதாகச் சொன்னாள். ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

மாடத்தில் தினமும் பூசைச் சோறு யார் வைப்பது என்று கேட்டாள் தொகிகோ. சாவி உங்களிடம் ஒன்று இருக்கிறதே என்றாள் மிட்சுயோ. தொகிகோ வெறும் சட்டத்தை எடுத்துத் துணியில் சுற்றி, பூசை மாடத்தின் கீழ் இழுப்பறையில் பத்திரமாக வைத்தாள்.

"போயிட்டு வா. உன் எடம் எங்கயும் போயிடாது."

அது ஆசீர்வாதமா, மிரட்டலா என்று மிட்சுயோவுக்குப் புரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும்.

பேருந்து முன்பக்கத் தெருவில்தான் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாகப் போனாள். தோட்டத்தைச் சுற்றி நடக்க வேண்டியிருந்தது.

மறுநாள் தொகிகோவிடமிருந்து தொலைபேசி வந்தது. பின்கதவு விரியத் திறந்து கிடந்ததாம். பூனை புகுந்து பாயெல்லாம் மண்ணாம். போகிறபோது ஒரு கதவைச் சாத்தத் தெரியாதா என்று திட்டினாள்.

"இப்ப சாத்திட்டீங்களா அண்ணி?"



"பாதி," என்றாள் தொகிகோ.