பொம்மைக்குக் கட்டிய நட்டு

என் மேசைமேல் ஒரு இரும்பு நட்டு இருக்கிறது. அதன் துளையில் கட்டுக்கம்பி முறுக்கிக் கிடக்கிறது. தொட்டால் குளிர்ச்சிதான். ஆனாலும் சுட்டதுபோல் விரலை இழுத்துக்கொள்கிறேன்.

அதைக் கட்டியவர் என் அக்காவின் கணவர். திண்டிவனத்தில் ஒரு அரிசி மில்லில் பாய்லர் பார்க்கிறவர். நெல் அவிக்கும் நீராவி அவர் பொறுப்பு. என் மகளின் தகர ரோபோவில் மோட்டார் எரிந்துபோய், கால் மட்டும் நன்றாக இருந்தது. "பேட்டரி என்னாத்துக்கு? ஆவியில நடக்க வைக்கிறேன், பாரு பாப்பா" என்று வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்திலிருந்து மறுபடி போனோம்.

ரோபோவின் வயிற்றை வெட்டி உள்ளே ஒரு சின்னச் செப்புச் சொம்பை வைத்திருந்தார். கீழே மெழுகுவர்த்தி. சொம்பின் தலையில் குக்கர் வெயிட். ஆவி போய்த் தள்ள ஒரு கண்ணாடி சிரிஞ்சு, அதிலிருந்து காலுக்கு ஒரு கம்பி.

"கங்கா ஜலம்னு காசிலேர்ந்து பத்திரமா தூக்கியாந்தேன். உன் மாமா பொம்ம வயித்துல வச்சி வென்னி போட்டுக்கினு கீறாரு" என்றாள் அக்கா.

"ஜலம் டம்ளர்ல பத்திரமாத்தான் இருக்குது. சொம்புதானே போச்சி" என்றார் மாமா.

தண்ணீர் கொதித்தது. ரோபோ நடுங்கியது, நடக்கவில்லை. வெயிட்டைத் தூக்கிக்கொண்டு ஆவியெல்லாம் சீறி வெளியே போனது. மகளின் முகம் வாடியது. மாமா சட்டைப் பையிலிருந்து நட்டை எடுத்து, வெயிட்டோடு சேர்த்துக் கம்பியால் கட்டினார்.

"மாமா, அது வேணாமே."

"மில்லுல ஆவி சீக்கிரம் ஏறணும்னு சேப்டி வால்வுல செங்கல்லே கட்டி வுட்டிருக்கோம், மச்சான். இது ஒரு நட்டு."

சீறல் நின்றது. அந்த அமைதிதான் இன்றும் என் காதில் இருக்கிறது. ரோபோ நடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மகள் கைதட்டிக்கொண்டே தரையில் படுத்து, சொம்புக்கு ஒரு சாண் தூரத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். சொம்பின் ஈயம் பற்றவைத்த ஓரத்தில் ஒரு துளி நீர் அரும்பி, கொதித்து, மறைந்தது. மறுபடி அரும்பியது. ஒட்டு விடத் தொடங்கியிருந்தது. மகளின் தோளைப் பிடித்து இழுத்தேன்.

மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார். துண்டால் பிடித்து நட்டை உருவினார். ஆவி கூரைவரை பீறிட்டது. ரோபோ ஒரு காலைத் தூக்கியபடி நின்றுபோனது.

"பயந்துட்டியா, மச்சான்?" என்று சிரித்தார். நட்டைச் சூடு ஆறும்வரை துண்டில் உருட்டினார். பிறகு என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "இத நீயே வச்சிக்கோ. எங்கிட்ட திருப்பிக் குடுக்காத."

பஸ் ஏற்றிவிட வந்தபோது கேட்டேன். "மில்லுல அந்தச் செங்கல்லு, மாமா?"

சாலையை எட்டிப் பார்த்தார். "அத அவுத்தா நெல்லு எப்ப அவியறது? பஸ் வந்துடுச்சி பாரு, ஜல்தி ஏறு."

ஏறிவிட்டேன்.

இன்றும் மாமா வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். ரோபோ எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் தூக்கிய காலோடு நிற்கிறது. பகல் வேளையில் அக்காவிடமிருந்து போன் வந்தால், எடுப்பதற்குள் என் கை இந்த நட்டைத் தேடுகிறது. இதுவரை மல்லாட்டை, வேர்க்கடலைதான், அனுப்பட்டுமா, பாப்பாவுக்குச் சளி தேவலையா என்றுதான் கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் மூச்சை விட்டுவிட்டு, கையைப் பார்க்கிறேன். மகளை இழுத்த கை. அன்றைக்கே இந்தக் கையால் மாமாவின் சட்டையையும் பிடித்திருக்கலாம். இது பஸ் கம்பியைப் பிடித்தது.