கரண்டை நிறுத்திய பெட்டி

இன்று காலை சைனிக்புரி வீட்டில் என் மனைவி ஈரக்கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டாள். அடுத்த நொடி வீடு முழுக்கக் கரண்ட் போனது.

மீட்டர் பக்கத்தில், கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. பெட்டியின் ஸ்விட்ச் விழுந்திருந்தது. இந்த வாரம் இது மூன்றாவது முறை. எரிச்சலில் எலக்ட்ரீஷியன் யாதகிரியைக் கூப்பிட்டு, “அதைக் கழட்டிட்டு நேரா கனெக்‌ஷன் குடுத்துடுங்க” என்றேன்.

“நக்கோ சார், வேண்டவே வேண்டாம்!” என்றவர் மெஷினின் பின்பக்கத்தைத் திறந்தார். எலி கடித்த ஒயர் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் அவள் உடம்பு வழியாகத் தரைக்குப் பாயத் தொடங்கியதுமே அந்தப் பெட்டி கண்டுபிடித்துத் துண்டித்துவிட்டதாம்.

நான் அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவளோ, “விரல்ல சுருக்குன்னுச்சு, அவ்வளவுதான்” என்றாள்.

இப்போது இருவரும் நிம்மதியாகக் காபி குடிக்கிறோம். மெஷின் சரியாகும்வரை துணி துவைப்பது நான்தானாம்.

உங்கள் வீட்டுப் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் பட்டனைக் கடைசியாக எப்போது அழுத்தினீர்கள்? பொய் சொல்லாமல் எழுதுங்கள்.