நான் தேடிய ஐரிஷ் பெயர்கள்

எங்கள் குடும்பத்தில் பிள்ளைக்குப் பெயர் தேடுவது, ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தாயின் வேலை. பெற்றவர்கள் பிறகு ஆயிரம் சொல்லலாம். ஆனால் முதல் பட்டியல் ஞானத்தாயின் கையிலிருந்துதான் வர வேண்டும். அதனால் பிராங்பேர்ட்டிலிருந்து தங்கை போன் எடுத்து, "அக்கா, நீங்கள்தான் ஞானத்தாய்" என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே, ஜேர்மனியில் நான் இருக்கும் டோர்ட்மண்டின் கடைத்தெருவுக்குப் போய், பெயர்களை எழுதத் தடித்த மட்டை போட்ட ஒரு கொப்பி வாங்கினேன்.

ஒரே ஒரு சிக்கல். தங்கையின் கணவன் ஐரிஷ்காரன். மூத்த பிள்ளைக்கு ஐரிஷ் பெயர், அடுத்ததுக்குத் தமிழ்ப் பெயர் என்று கல்யாணத்துக்கு முன்பே இருவரும் பேசி முடித்திருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும், "அப்படியானால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கோ" என்று கையை விரித்திருப்பார்கள். நான் விடவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மதிய இடைவேளை அரை மணித்தியாலம். இரண்டு மாதம் அந்த அரை மணித்தியாலம் முழுக்க அயர்லாந்துக்குத்தான் போனது.

படிக்கப் படிக்க அந்தச் சனத்தை எனக்குப் பிடித்துப்போனது. எய்டன் என்றால் சின்ன நெருப்பு. ரோனான் என்றால் குட்டிக் கடல்நாய். பெற்ற பிள்ளைக்கு யாராவது கடல்நாய்க்குட்டி என்று பெயர் வைப்பார்களா என்று சாப்பாட்டுப் பெட்டியின் முன்னால் தனியே இருந்து சிரித்தேன். பிறகு பார்த்தால் அந்தப் பெயரில் புனிதர்களே இருக்கிறார்கள். ஸீர்ஷா என்றொரு பெண்பெயர் இருக்கிறது. விடுதலை என்று பொருள். அவர்கள் தங்கள் நாட்டுக்காகப் போராடிய காலத்துக்குப் பிறகு பெண்பிள்ளைகளுக்கு வைக்கத் தொடங்கிய பெயராம். அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் கொப்பியை மூடிவைத்துவிட்டேன். எங்கள் ஆட்களுக்கு அந்தச் சொல்லை யாரும் விளக்கத் தேவையில்லை. பட்டியலில் எழுதினேன், பிறகு நானே வெட்டினேன். பிறக்கப்போகும் பிள்ளையின் தலையில் அவ்வளவு பாரத்தை ஏற்ற மனம் வரவில்லை.

பிள்ளை பிறந்தது. பெண். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து போனில் கேட்ட முதல் கேள்வி, "ஆரின்ரை நிறம்?" ஐரிஷ்காரனின் பிள்ளை, அதுவும் என் தங்கை வயிற்றுப் பிள்ளை, பால் போல இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். எங்கள் வீட்டில் வெளிர் நிறமெல்லாம் தங்கைக்குப் போய்விட்டது. மிச்சம் எனக்கு. பிறந்தபோது சிவந்திருந்த பிள்ளை இரண்டு கிழமையில் தன் நிறத்துக்கு வந்தாள். தகப்பனின் நிறமுமில்லை, தாயின் நிறமுமில்லை. என் அளவுக்கு இல்லையென்றாலும் என் பக்கம்தான் சாய்ந்திருந்தாள். தலைநிறையக் கறுத்த மயிர். தங்கை அனுப்பிய படத்தைப் பார்த்து எனக்கு முதலில் வந்தது சந்தோசமில்லை, பயம். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று வீட்டாரில் இரண்டு வீட்டார் தங்கையைக் கேட்டார்கள். அவளுக்கு அப்போது பதினாறு வயது, பள்ளிக்கூடப் பையோடு உள்ளே வந்துபோனாள், அவ்வளவுதான். இப்போது இதைச் சொல்லிச் சிரிக்கிறேன். அன்று சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கும் இதே கதை வரக்கூடாது என்று கொப்பியை எடுத்து, பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக நான்கு பெயர்கள் எழுதினேன். பினோலா, கீலின், நீவ், ஆல்வா. வெண்தோள் கொண்டவள், மெலிந்து வெளுத்தவள், ஒளி, வெள்ளை. தெரியாமல் செய்தேன் என்று சொன்னால் பொய். பெயரிலாவது பிள்ளை வெள்ளையாக இருக்கட்டும், அது ஒரு காவல் என்று நினைத்தேன்.

நகரசபைப் பதிவில் பிள்ளையைப் பெயரில்லாமல் பதிந்திருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் பெயரைச் சொல்ல வேண்டும், அதில் பத்து நாள்தான் மிச்சம். சனிக்கிழமை ரயில் ஏறி பிராங்பேர்ட்டுக்குப் போனேன். குசினி மேசையில் கொப்பியை விரித்தேன். தங்கையின் கணவன் வாசித்தான். அவன் ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்குப் போகப் போக முகம் மாறியது. "அக்கா," என்றான். அந்த ஒரு சொல் மட்டும் தமிழ், மிச்சம் ஜேர்மன். "நாலும் நல்ல பெயர். ஆனால் நாலும் வெளிச்சம், வெள்ளை."

தங்கை பேசினாள். "என்ரை பிள்ளையின்ரை நிறத்தில என்ன பிழை அக்கா?"

"உனக்கென்ன தெரியும்?" என்று சீறினேன். "நீ வெள்ளை. உன்னை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"உங்களைச் சொன்னவை. அப்ப நீங்கள் பிழையோ? சொன்னவை பிழையோ?"

எனக்குக் கோபம் வந்தது. தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு யன்னல் பக்கம் திரும்பி நின்றேன். எங்கள் தமிழ் விளங்காத அந்த மனிதன், சண்டை எதைப் பற்றியதென்று மட்டும் சரியாக விளங்கிக்கொண்டு, என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான். அவர்களிடம் கீரா என்றொரு பெயர் உண்டு. கறுத்தவள் என்று பொருள். கறுத்த மயிரோடும் கறுத்த நிறத்தோடும் பிறக்கும் பெண்பிள்ளைக்கு வைத்த பெயர், ஆணுக்கென்றால் கீரான். அந்தப் பெயர்களில் புனிதர்கள் உண்டு, கோயில்கள் உண்டு, மிகப் பழைய பெயர்கள். பிள்ளையைப் பார்த்த அன்றே அவன் மனதில் அது வந்துவிட்டதாம். ஆனால் வாய் திறக்கவில்லை.

"ஏன் திறக்கவில்லை?" என்று கேட்டேன்.

"முதல் பட்டியல் ஞானத்தாயுடையது என்று சொன்னார்களே," என்றான்.

எங்கள் வழக்கத்தை எங்கள் ஆட்களே இவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியதில்லை. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "கறுத்தவள் எண்டு பெயர் வைச்சால் எங்கடை ஆக்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பினமோ? ஏலாது" என்றேன். தங்கை, "நீங்கள் ஓம் எண்டால்தான் வைப்பம். இல்லாட்டி இல்லை" என்றாள். முடிவு என் தலையில் விழுந்தது. பட்டியல் எழுதத் துடித்த எனக்கு, ஒரே ஒரு பெயருக்கு ஓம் சொல்ல வாய் வரவில்லை.

டோர்ட்மண்டுக்குத் திரும்பி நாலு நாள் யோசித்தேன். கொப்பியில் பின்பக்கம் நான் குறித்திருந்த குறிப்புகளைத் திரும்ப வாசித்தேன். வெள்ளைக்கு ஒரு பெயர், சிவப்புக்கு ஒரு பெயர், பொன்னிறத்துக்கு ஒரு பெயர், கறுப்புக்கு ஒரு பெயர். எல்லாவற்றையும் ஒரே மதிப்பில் வைத்திருக்கிறார்கள். பிள்ளையைத் தூக்கிப் பார்த்து, கண்ணில் பட்டதையே செல்லமாக்கிக் கூப்பிட்டிருக்கிறார்கள். எங்களிடம் மட்டும் இல்லையா? சியாமளா என்றாலும் கறுத்தவள்தான். வைக்கிறோம், ஆனால் பொருளைக் கேட்டால் மழுப்புகிறோம். மழுப்பி மழுப்பித்தான் நான் நாற்பத்திரண்டு வயதுக்கு வந்திருக்கிறேன். கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று என் முகத்தைப் பார்த்தேன். என் ஞானப்பிள்ளைக்கு வந்திருப்பது இந்த நிறம். இதற்கு அவள் வெட்கப்பட வேண்டுமென்று நானே கொப்பியில் எழுதிக் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்தே போன் எடுத்தேன். "ஓம்," என்றேன். "கீராவே வைப்பம். ஆனால் ஆர் கேட்டாலும் பெரியம்மாதான் பெயர் வைச்சவ எண்டு சொல்ல வேணும்." அந்தப் பக்கம் தங்கை சிரித்தாளா அழுதாளா என்று பஸ் சத்தத்தில் விளங்கவில்லை.

ஞானஸ்நானம் டோர்ட்மண்டில்தான். பிறகு கோயில் மண்டபத்தில் ரோல்ஸ், கட்லட், கேக் என்று எங்கள் வழக்கமான விருந்து. எங்கள் ஆட்கள் பரிசைக் கையில் தருமுன்பே பெயரின் அர்த்தம் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வெள்ளைச் சட்டையில் பிள்ளையை ஏந்திக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அவளை வேறொருவரிடமும் கொடுக்கவில்லை. சேலை கட்டி, நிமிர்ந்து, அப்படி நான் என் கல்யாணத்தன்றுகூட நின்றதில்லை.

அயல் தெரு மாமி ஒருவர் கட்லட்டோடு வந்து பிள்ளையின் கன்னத்தைத் தொட்டார். நான் ஊரிலிருந்து இங்கே வந்த நாளிலிருந்து என்னைத் தெரிந்தவர். "என்ன பெயர் பிள்ளை?"

"கீரா."

"அர்த்தம்?"

பக்கத்து இரண்டு மேசைக்காரரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்லது, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். "கறுப்பி எண்டு அர்த்தம் மாமி. ஐரிஷ் பெயர். நான்தான் ஓம் சொன்னது."

மாமியின் கட்லட் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு எனக்காகப் பரிதாபப்பட்டு, குரலைத் தணித்து, "அதுக்கென்ன பிள்ளை, யோசியாதை. வளர வளர வெளுத்திடுவாள்" என்றார்.

"இனி ஏலாது மாமி," என்றேன். "பெயர் வைச்சாச்சு."